பாலாற்றுக் கருமணலில் டைட்டானியம்: ‘எவ்வளவு’ தெரிந்தால் போதுமா?

தென் மாவட்டக் கடற்கரைத் தாது மணல் வழக்கை 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு மாற்றியது. அதிலிருந்து இல்மனைட், ரூட்டைல், டைட்டானியம் என்ற பெயர்கள் செய்திகளில் அடிக்கடி அடிபடுகின்றன. வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் படித்ததும் பாலாறு நினைவுக்கு வருவது இயல்பு. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்று மணல்மேல் கரிக்கோடு இழுத்தாற்போல மெல்லிய கறுப்புப் படிவு தெரியும். ‘அதிலும் டைட்டானியம் இருக்கிறதாமே, உண்மையா?’ என்று பலரும் கேட்கிறார்கள்.

உண்மைதான். ஆனால் அந்தப் பதிலால் பெரிய பயன் இல்லை. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 0.6 சதவீதம் டைட்டானியம். மிகுதியான தனிமங்களின் வரிசையில் அதற்கு ஒன்பதாவது இடம். காட்பாடிக் குன்றிலோ உங்கள் வீட்டுக் கொல்லையிலோ ஒரு பிடி மண்ணை அள்ளினாலும் அதில் கொஞ்சம் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த டைட்டானியம் எந்தக் கனிமத்துக்குள், எத்தனை ஆக்ஸிஜன் அணுக்களுக்கு நடுவில், எந்த மின்னேற்ற நிலையில் உட்கார்ந்திருக்கிறது? அதற்கு நேரடியாகப் பதில் சொல்லக்கூடிய முறைகளில் முதன்மையானது எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலையியல் (உட்கவர்தல் என்றால் கதிரை விழுங்குதல்). பெயர் பயமுறுத்தினாலும் அடிப்படை எளிது. முதலிலிருந்து பார்ப்போம்.

ஒரே தனிமம், பல வீடுகள்

பாலாற்றுக் கருமணலில் காந்தத்தை ஓட்டினால் துள்ளி வந்து ஒட்டுவது மேக்னடைட், அதாவது இரும்பு ஆக்ஸைடு. அதிலேயே கொஞ்சம் டைட்டானியம் கலந்திருக்கலாம். சாதாரணக் காந்தத்துக்கு அவ்வளவாக அசையாமல் பின்தங்கும் கறுப்புத் துகள்களில் இல்மனைட் இருக்கும். அது இரும்பும் டைட்டானியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது. தூய இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்ஸைடின் பங்கு 52.7 சதவீதம். வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்தால் இரும்பு கரைந்து வெளியேற, இந்தப் பங்கு கூடும்.

டைட்டானியம் டை ஆக்ஸைடு தனியாக நிற்கும்போதே ரூட்டைல், அனடேஸ், புரூக்கைட் என மூன்று உருவம் எடுக்கிறது. வேதிப் பகுப்பாய்வில் மூன்றும் ஒன்றுதான். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வெள்ளைத் தோலுக்குப் பினிஷிங்கில் பூசுகிற வெண்சாயமும் இதே பொருள்தான்.

ஏலகிரி மலையின் முக்கியப் பாறை சையனைட். இந்த வகைப் பாறைகளில் டைட்டனைட் என்ற தேன்நிறக் கனிமம் பொதுவாகக் காணப்படும். அதில் கால்சியம், சிலிக்கான், டைட்டானியம் மூன்றும் உண்டு. கறுப்பு மைக்கா ஏடுகளிலும் டைட்டானியம் ஒளிந்திருக்கும். ஏன், பளிங்குபோல் வெளுத்த குவார்ட்ஸில்கூட பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் சிலிக்கானின் இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும்.

வழக்கமான சோதனைகள் எங்கே நின்றுவிடுகின்றன

1. எக்ஸ் கதிர் ஒளிர்தல் சோதனை. துப்பாக்கி வடிவக் கையடக்கக் கருவியைக் கல்லின்மேல் வைத்தால் சில நொடிகளில் டைட்டானியம் இத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். எந்தக் கனிமத்தில் என்று சொல்லாது.

2. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனை (ஆங்கிலத்தில் எக்ஸ்ஆர்டி; பின்னால் வரும் ‘உட்கவர் விளிம்பு’ வேறு). படிக அடுக்கைக் காட்டும். ரூட்டைலையும் அனடேஸையும் எளிதாகப் பிரித்துவிடும். ஆனால் கலவையில் ஒன்றிரண்டு சதவீதத்துக்குக் கீழே போனால் தடுமாறும். படிக ஒழுங்கு கெட்டுப்போன பொருள் என்றால், கூர்மையான கோடுகளே வராமல் மேடாக ஒரு வீக்கம் மட்டும் தெரியும்.

இரண்டும் அவசியமான சோதனைகள். இவற்றைச் செய்யாமல் நேராக அடுத்ததற்குத் தாவுவது வீண் செலவு என்பது என் கருத்து. இரண்டும் பேசாத இடத்தில்தான் உட்கவர் நிறமாலைக்கு வேலை வருகிறது.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயும் இதுவும்

வேலூர் மருத்துவத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம். வயிற்றுப் படம் எடுக்கும் முன் பேரியம் கரைசல் குடிக்கச் சொல்வார்கள். பேரியம் எக்ஸ் கதிரை நன்றாக விழுங்கும். படத்தில் குடலின் உருவம் துலங்கும். எந்தத் தனிமமும் எக்ஸ் கதிரை ஒரே சீராக விழுங்குவதில்லை. கதிரின் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால் விழுங்குவது மெல்லக் குறைந்துகொண்டே வரும். ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் திடீரென எகிறும். அந்த ஆற்றலில்தான் அணுவின் ஆழத்தில் கிடக்கும் எலக்ட்ரானைப் பிடுங்கி எறியக் கதிருக்குப் பலம் வருகிறது. அந்த எகிறலுக்கு உட்கவர் விளிம்பு என்று பெயர். மிக உள்ளே இருக்கும் எலக்ட்ரானுக்கு உரியது கே விளிம்பு.

பேரியத்தின் கே விளிம்பு சுமார் 37,400 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு இது). டைட்டானியத்துக்கு 4,966 எலக்ட்ரான் வோல்ட். அந்த ஒரே இடத்தில் டைட்டானியம் கதிரை விழுங்கும் திறன் ஏறத்தாழ எட்டு மடங்கு ஏறுகிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் விளிம்பு வேறு வேறு. ஆகவே 4,966 பக்கத்தில் ஆற்றலைச் சிறிது சிறிதாக நகர்த்தி அளந்தால், கல்லில் வேறு இருபது தனிமங்கள் இருந்தாலும் அந்த எகிறல் டைட்டானியத்தின் குரல்தான்.

அளவீடு நடப்பது இப்படி:

1. சிங்க்ரோட்ரான் என்ற வளையத்தில் எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்கு மிக நெருக்கமாகச் சுற்றவிடுகிறார்கள். வளைந்து திரும்பும் இடங்களில் அவை பலத்த எக்ஸ் கதிரை உமிழும். நம் நாட்டில் இதற்கான இடம் மத்தியப் பிரதேசத்தின் இந்தூர். அங்கே ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் உள்ள இண்டஸ்-2 வளையத்தின் சுற்றளவு சுமார் 172 மீட்டர். அதில் சுற்றும் ஒவ்வோர் எலக்ட்ரானின் ஆற்றல் 250 கோடி எலக்ட்ரான் வோல்ட்.

2. வரும் கதிரில் எல்லா ஆற்றலும் கலந்திருக்கும். இரண்டு சிலிக்கான் படிகங்களில் பட்டுத் தெறிக்கவிட்டு ஓர் ஆற்றலை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். வழக்கமாகப் பயன்படும் சிலிக்கான் தளத்துக்கு, டைட்டானிய விளிம்பில் அந்தக் கோணம் சுமார் 23.5 பாகை. கோணத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, ஆற்றல் நகரும்.

3. மாதிரிக்கு முன்னால் கதிரின் செறிவு எவ்வளவு, கடந்த பிறகு எவ்வளவு என்று அளந்து, இரண்டின் விகிதத்துக்கு மடக்கை எடுத்தால் உட்கவர் அளவு கிடைக்கும். டைட்டானியம் மிகக் குறைவாக இருந்தால், கடந்து வருவதை விட்டுவிட்டு, டைட்டானியம் திருப்பி உமிழும் 4,511 எலக்ட்ரான் வோல்ட் ஒளிர்வை எண்ணுவார்கள்.

முன்விளிம்பு: சின்ன முகட்டில் பெரிய சேதி

விளிம்பு செங்குத்துச் சுவர்போல ஏறுவதற்குச் சற்று முன்னால், 4,968 முதல் 4,973 எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள சிறு இடைவெளியில், ஒரு முகடு தலைகாட்டும். விளிம்பின் எண்ணான 4,966 இதற்கும் முன்னால் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அது டைட்டானிய உலோகத் தகட்டுக்கு உரிய குறிப்பு எண். ஆக்ஸைடுகளில் எலக்ட்ரானை இழந்த டைட்டானியம் மீதி எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் சுவர் இன்னும் மேலே தள்ளிப்போகிறது.

அந்த முகடு ஏன் வருகிறது? கனிமங்களில் டைட்டானியம் பெரும்பாலும் நான்கு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கும். அணுவில் எலக்ட்ரான்கள் தங்கும் இடங்களை எஸ், பி, டி அறைகள் என்று வைத்துக்கொள்வோம். டைட்டானியத்தின் 3டி அறை அப்போது முழுக்கக் காலி. உள்ளே கிடக்கும் 1எஸ் எலக்ட்ரான் அணுவை விட்டு ஓடாமல் அந்தக் காலி அறைக்குத் தாவப் பார்க்கிறது. இயற்பியல் விதி அதைத் தடுக்கிறது: எஸ் அறையிலிருந்து பி அறைக்குத் தாவலாம், டி அறைக்கு நேராகத் தாவக் கூடாது.

இங்கேதான் அக்கம்பக்கத்து அணுக்கள் உள்ளே வருகின்றன. டைட்டானியத்தைச் சுற்றி ஆறு ஆக்ஸிஜன்கள் எதிரெதிராக ஒழுங்காக நின்றால் (இதற்கு எண்முகி அமைப்பு என்று பெயர்) தடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். முகடு குட்டையாக, பெரும்பாலும் இரண்டு மூன்றாகப் பிரிந்து தெரியும். நான்கே ஆக்ஸிஜன்கள் நான்முகியாக நின்றால் எதிரெதிர்ச் சமச்சீர் இல்லை. டி அறையில் கொஞ்சம் பி குணம் கலந்துவிடும். தடை தளர்ந்து முகடு உயரமாக, கூர்மையாக எழும். ஐந்து ஆக்ஸிஜன் என்றால் இரண்டுக்கும் நடுவே.

1990களின் நடுவில் பிரான்சுவா ஃபார்ஜ், கார்டன் பிரவுன், ஜான் ரெர் ஆகியோர் அமைப்பு ஏற்கெனவே தெரிந்த பல டைட்டானியச் சேர்மங்களை அளந்து இதை ஒழுங்குபடுத்தினார்கள். அவர்கள் வரைந்த படத்தில் இரண்டு அச்சுகள்: முகட்டின் உயரம், முகட்டின் இடம். தோராயமாகச் சொன்னால், நான்கு ஆக்ஸிஜன் என்றால் 4,969.5 பக்கத்தில் உயர்ந்த முகடு. ஐந்து என்றால் 4,970.5 பக்கத்தில் நடுத்தர முகடு. ஆறு என்றால் 4,971.5 பக்கத்தில் குட்டை முகடு.

இரண்டு அச்சும் ஏன் தேவை என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒரு மாதிரியில் பாதி டைட்டானியம் நான்கிலும் பாதி ஆறிலும் இருந்தால், சராசரி உயரம் ஐந்துக்கு உரியதுபோல வந்து நிற்கும். உயரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஆனால் கலவையில் உயரமான நான்கின் முகடே ஓங்கி நிற்பதால், இடம் 4,969.5 பக்கமே சாய்ந்திருக்கும். உண்மையான ஐந்து என்றால் இடம் ஒரு எலக்ட்ரான் வோல்ட் தள்ளி வரும். அந்த ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்காகத்தான் ஆற்றல் அளவுகோலை டைட்டானியத் தகட்டை வைத்துத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார்கள். சரிபார்ப்பு இல்லாமல் வெளியாகும் முன்விளிம்பு முடிவை நம்பாமல் இருப்பதே நல்லது.

மின்னேற்ற நிலையும் இதில் தெரியும். மூன்று எலக்ட்ரான் மட்டும் இழந்த டைட்டானியம் என்றால் விளிம்பு கீழே நகரும். பூமிப் பாறைகளில் இது அரிது. விண்கற்களைப் படிப்பவர்களுக்கு இது பெரிய தடயம்.

விளிம்பைத் தாண்டிய பிறகு

விளிம்புக்கு மேலே பல நூறு எலக்ட்ரான் வோல்ட் தூரத்துக்குக் கோடு நேராக இறங்காமல் அலை அலையாக ஏறி இறங்கும். வெளியே பாய்ந்த எலக்ட்ரான் அலை அக்கம்பக்கத்து அணுக்களில் மோதித் திரும்பி வருவதால் வரும் அலைகள் இவை. 1971ல் சேயர்ஸ், ஸ்டெர்ன், லைட்டில் என்ற மூவர் இந்த அலைகளை ஃபூரியர் கணக்கால் தூரங்களாக மாற்றலாம் என்று காட்டினார்கள். ரூட்டைலில் டைட்டானியத்துக்கும் ஆக்ஸிஜனுக்கும் இடைவெளி 1.95, 1.98 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), நான்முகியில் சுமார் 1.8. தூரத்தை ஆங்ஸ்ட்ராமில் நூறில் ஓரிரு பங்கு வரை நம்பலாம். அண்டை அணுக்களின் எண்ணிக்கையில் பத்து சதவீதத்துக்கு மேலேயே பிழை வரலாம். டைட்டானியத்தைப் பொறுத்தவரை, எண்ணிக்கைக்கு முன்விளிம்பையும் தூரத்துக்கு இந்த அலைகளையும் நம்புவதே சரி.

டைட்டானியத்துக்கே உரிய தொல்லைகள்

ஆற்றல் குறைந்த கதிர் என்பதால்தான் முக்கால்வாசிச் சிக்கல்.

5,000 எலக்ட்ரான் வோல்ட் கதிர் வெறும் காற்றில் சுமார் 20 சென்டிமீட்டர் போவதற்குள் தேய்ந்து, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். ஒரு மீட்டர் காற்றைக் கடந்து வருவது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆகவே பாதை முழுக்க வெற்றிடமோ ஹீலியமோ வேண்டும். மாதிரியின் தடிமனும் அப்படித்தான். தூய ரூட்டைல் என்றால் ஐந்தாறு மைக்ரானிலேயே கதிர் அதே அளவுக்குத் தேய்ந்துவிடும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு அது. கல்லை மாவாக அரைத்து, போரான் நைட்ரைடு போன்ற இலேசான பொடியில் கலந்து வில்லையாக அழுத்த வேண்டும். அரைப்பது கரகரப்பாக இருந்தால் உயர்ந்த முகடுகள் மழுங்கி, நான்முகி டைட்டானியம் குறைவாக இருப்பதுபோலப் பொய்த் தோற்றம் தரும். நல்ல இயந்திரத்தில் எடுத்த மோசமான அளவீடுகளுக்குப் பல சமயம் இந்த அரைப்புதான் காரணம்.

அடுத்தது பேரியம். ஆலங்காயம் பகுதியில் பேரைட் நரம்புகள் உண்டு. பேரைட் என்பது பேரியம் சல்பேட். பேரியத்துக்குக் கே விளிம்பு தவிர எல் விளிம்பு என்று இன்னொன்று 5,247 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. டைட்டானியத்தின் அலைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது 281 எலக்ட்ரான் வோல்ட்டிலேயே பேரியம் குறுக்கே வந்து நிற்கும். தொலைவுக் கணக்குக்குத் தேவையான நீளம் கிடைக்காது. பேரியத்தின் ஒளிர்வு 4,466. டைட்டானியத்தின் ஒளிர்வு 4,511. சாதாரணக் கருவி இரண்டையும் பிரிக்கத் திணறும். கார்பனடைட் பாறை (குழம்பிலிருந்து உறைந்த கார்பனேட் பாறை) என்றால் லாந்தனமும் சீரியமும் சேர்ந்துகொண்டு இன்னும் நெரிசல். இந்தப் பகுதிக் கற்களை எடுத்துக்கொண்டு இந்தூருக்குக் கிளம்பும் மாணவர்கள், பேரியம் எவ்வளவு என்று முதலில் இங்கேயே ஓர் ஒளிர்தல் சோதனையில் பார்த்துவிடுவது நல்லது.

நல்லவேளையாக முன்விளிம்பு இந்த நெரிசலுக்கெல்லாம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

நம் பக்கத்துக் கற்களிடம் கேட்கத்தக்கவை

திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரில் கார்பனடைட் பாறை இருக்கிறது. எழுபது எண்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைக் குழம்பின் எச்சம் அது. அதை ஒட்டியே வெர்மிகுலைட் படிவம். தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் வெட்டியெடுப்பது. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் தொட்டியில் கலக்கும் அதே வெர்மிகுலைட்தான். கறுப்பு மைக்கா தண்ணீரில் நெடுங்காலம் மாறி மாறி வெர்மிகுலைட் ஆகிறது. மைக்காவில் இருந்த டைட்டானியம் அப்போது என்ன ஆகிறது? ஏட்டுக்குள்ளேயே தங்குகிறதா, வெளியேறிக் கண்ணுக்குத் தெரியாத அனடேஸ் பொடியாக ஒட்டிக்கொள்கிறதா? மொத்த அளவு இரண்டிலும் ஒன்றே. படிகச் சோதனைக்கு அனடேஸ் மிகக் குறைவாக இருக்கலாம். உட்கவர் நிறமாலையில் மைக்கா ஒரு வடிவம், அனடேஸ் வேறு வடிவம். இரண்டையும் எந்த விகிதத்தில் கூட்டினால் நம் மாதிரியின் கோடு வருகிறது என்று பொருத்திப் பார்த்துவிடலாம்.

அதே கார்பனடைட்டில் யுரேனியம் கலந்த பைரோகுளோர் என்ற கனிமமும் உண்டு. இது நியோபியமும் டைட்டானியமும் ஏற்கும் கனிமம். யுரேனியம் சிதையச் சிதைய, அது உள்ளிருந்தே தன் படிகத்தை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. இப்படி உடைந்த கனிமங்களை உலகின் பல இடங்களில் அளந்தபோது, ஆறு ஆக்ஸிஜனோடு இருந்த டைட்டானியம் ஐந்தை நோக்கி நகர்ந்திருப்பது தெரிந்தது. விளிம்பு விளைவுச் சோதனை கைவிரித்த இடத்தில் முன்விளிம்பு சொன்ன சேதி இது. இதற்கு நடைமுறை மதிப்பு உண்டு. அணுக் கழிவைப் பூட்டிவைக்க ஆஸ்திரேலியாவின் டெட் ரிங்வுட் 1978ல் முன்வைத்த சின்ராக் என்ற செயற்கைப் பாறை, டைட்டானியக் கனிமங்களால் ஆனது. பல கோடி ஆண்டு கதிர்வீச்சுக்குப் பிறகு அத்தகைய கனிமம் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வகத்தில் காத்திருக்க முடியாது. இயற்கை செய்துவைத்த சோதனையைத்தான் படிக்க வேண்டும்.

சரி, பாலாற்றுக் கருமணல்? தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடும் ஆறு, வழியெங்கும் மலைப்பாறைகளை அரைத்துக் கொண்டுவந்த பொடி அது. அலை பல்லாயிரம் ஆண்டு சலித்துச் சேர்த்த கடற்கரைப் படிவோடு அந்த மெல்லிய கோட்டை ஒப்பிட முடியாது. டைட்டானியத்தின் பெயரைச் சொல்லி ஆற்று மணலில் கைவைக்க எந்த நியாயமும் இல்லை. இருக்கும் மணலே நம் குடிநீரைப் பிடித்துவைப்பது. ஆய்வுக்கு ஒரு கைப்பிடி போதும். அதில் எவ்வளவு இல்மனைட், எவ்வளவு இரும்பு இழந்து மாறியது என்று பார்த்தால், மணல் எவ்வளவு காலம் வெயில் மழையில் கிடந்தது என்பதற்குத் தடயம் கிடைக்கும்.

இரண்டு கட்டம் தள்ளிக் குரோமியம்

தனிம வரிசையில் டைட்டானியம் 22, குரோமியம் 24. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சக்கணக்கான டன் குவிந்து கிடப்பதும், அப்பகுதிக் கிணறுகள் மஞ்சளானதும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. அந்தக் கழிவைப் பற்றிய அறிக்கையில் ‘மொத்தக் குரோமியம்’ என்று ஓர் எண்ணைப் பார்த்தால், டைட்டானியத்தில் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும்.

மூன்று எலக்ட்ரான் இழந்த குரோமியம் தோல் பதனிடப் பயன்படுவது. ஆறு ஆக்ஸிஜனுக்கு நடுவில் இருப்பது. தண்ணீரில் எளிதில் நகராது. ஆறு எலக்ட்ரான் இழந்த குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. நிலத்தடி நீரில் கரைந்து ஓடும். இந்த இரண்டாவது வகையின் 3டி அறை, டைட்டானியத்துக்குப் போலவே முழுக்கக் காலி. நான்கு ஆக்ஸிஜன் நான்முகியாகச் சூழ்ந்திருக்கும். ஆகவே அதே இயற்பியல், அதே முகடு. குரோமியத்தின் கே விளிம்பு 5,989 எலக்ட்ரான் வோல்ட். 5,993 பக்கத்தில் நச்சு வகைக்கு ஓங்கிய முகடு, மற்றதற்கு மிகச் சிறிய மேடு. முகட்டின் உயரத்தை அளந்தால் மொத்தத்தில் எவ்வளவு பங்கு நச்சு வகை என்று வரும். கழிவை அமிலத்தில் கரைக்கவோ வேறு ரசாயனம் சேர்க்கவோ வேண்டாம்; அப்படிச் சேர்க்கும்போது ஒரு வகை இன்னொன்றாக மாறிவிடுமோ என்ற சந்தேகமும் வராது.

ஒரு எச்சரிக்கை மட்டும். பலத்த எக்ஸ் கதிரே ஆறு இழந்ததை மூன்று இழந்ததாக மாற்றிவிடக் கூடும். நச்சு உண்மையில் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அதனால் மாதிரியின் ஒரே புள்ளியில் நீண்ட நேரம் கதிரை நிறுத்தாமல், வேகமாக ஓட்டி, ஒவ்வொரு முறையும் புதிய புள்ளிக்கு நகர்த்தி, முதல் கோட்டையும் கடைசிக் கோட்டையும் ஒப்பிட வேண்டும். முகடு தேயத் தொடங்கியிருந்தால் அந்த அளவீட்டைக் கழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.